யார் சொன்னது என்று சொல்லுங்கள்



இந்த மாதப் பாடம் ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறது. அந்தத் தவற்றில் எனக்கும் பங்கு உண்டு.

புந்தோங்கில் எங்கள் சனிக்கிழமை வகுப்பில் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு வலையொலி செய்தார்கள். தலைப்பு, நம்ம ஊர் கச்சாங் பூத்தே. ஈப்போவில் கம்போங் கச்சாங் பூத்தே என்றால் தெரியாதவர் குறைவு. கடலை வறுக்கும் வாசனையும் முறுக்கு பிழியும் சத்தமும் வந்தால் புந்தோங் வந்துவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகள் அங்கே போய், சிறு வயதிலிருந்தே இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு பெரியவரிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். அவர் நாற்காலி போட்டு, தேத்தண்ணி கொடுத்து, தன் அப்பா தட்டைத் தலையில் சுமந்து விற்ற காலத்திலிருந்து எல்லாக் கதையும் சொன்னார்.

பிள்ளைகள் அதைப் பத்து நிமிட வலையொலியாக வெட்டி ஒட்டினார்கள். குரல் தெளிவு, பின்னணி இசை அழகு. நானும் கேட்டுவிட்டு, "சூப்பர், போடுங்க" என்று சொல்லிவிட்டேன். புலனக் குழுக்களில் அது நன்றாகச் சுற்றியது.

அடுத்த வாரம் பலகாரம் வாங்கப் போன இடத்தில் அந்தப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

"கேட்டேன் தம்பி, என் பேத்தி போட்டுக் காட்டுச்சு. நல்லாத்தான் செஞ்சிருக்குதுங்க. ஆனா அதுல உள்ளது பூரா நான் சொன்னதுதானே? எம்பேரு எங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் விடவில்லை.

"இன்னொன்னு. எங்க ஆளுங்க இங்க வந்தது இந்த வருசம்னு ஒன்னு சொல்றாங்களே, அதை நான் சொல்லவே இல்லையே. யார் சொன்னது?"

வகுப்புக்கு வந்து பிள்ளைகளிடம் கேட்டேன். "நெட்ல இருந்துச்சு அண்ணா" என்றார்கள். சரி, எந்த இடத்தில் என்று எல்லோருமாக உட்கார்ந்து தேடினோம். ஒரு பக்கத்தில் அந்த ஆண்டு இருந்தது. இன்னொரு பக்கம் அதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தது. மூன்றாவது பக்கத்தில் வேறு ஓர் ஆண்டு. மூன்றிலும் 'இது எங்கிருந்து கிடைத்தது' என்ற ஒரு வரி இல்லை.

ஆக, ஒரே வலையொலியில் இரண்டு தவறுகள். சொன்னவருடைய பேரை விட்டுவிட்டோம். அவர் சொல்லாததை அவர் கதைக்குள் நுழைத்துவிட்டோம். மூலம் சொல்லாமல் விட்டால் இந்த இரண்டும் சேர்ந்தேதான் வரும். யார் எதைச் சொன்னார் என்ற கோடு அழிந்துபோனால் உண்மையும் ஊகமும் ஒரே குரலில் கலந்துவிடுகின்றன.

நமக்கு ஏன் இது முக்கியம்?

பள்ளிக் கட்டுரையில் மேற்கோள் நூல் எழுதாவிட்டால் ஆசிரியர் புள்ளியைக் குறைப்பார். அதனால் பலருக்கு இது ஒரு பரீட்சை வேலையாகத்தான் தெரிகிறது. நம் சமுதாயத்துக்கு அது அதற்கும் மேலே.

பேராக்கில் தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றி நிர்வாகம் எழுதி வைத்த கணக்கு உண்டு. எத்தனை ஏக்கர், எத்தனை ஆள், எவ்வளவு பால் என்று இருக்கும். பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிட்டபோது நம் பாட்டிக்கு எப்படி இருந்தது, ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போனது எப்படி என்பது அந்தக் கணக்கில் இருக்காது. அது இருக்கும் இடம் பாட்டியின் ஞாபகம் மட்டும்தான். தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்களும் இல்லை. நினைவு வைத்திருப்பவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் திறன்பேசியில் எடுக்கும் பேட்டி அந்த நினைவுக்குக் கடைசிச் சாட்சியாக இருக்கலாம். யார், எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த நாளில் சொன்னார் என்ற விவரத்தோடு இருந்தால் இருபது வருடம் கழித்து ஒரு ஆய்வாளர் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்வார். அந்த விவரம் இல்லையென்றால் அதுவும் 'யாரோ சொன்ன கதை'. கேட்டு ரசிக்கலாம், நம்ப முடியாது.

நம் முன்னோர் செய்த வேலைதான்

மூலம் குறிப்பிடுவது வெள்ளைக்காரப் பல்கலைக்கழகப் பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். தொல்காப்பியத்தைத் திறந்து பாருங்கள். 'என்ப', 'என்மனார்' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வரும். இதை நானாகச் சொல்லவில்லை, எனக்கு முன்னால் அறிந்தவர்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்பது அதன் பொருள். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், ஒரு நூலின் சிறப்புப்பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறார். எழுதியவர் பெயரும் நூலின் பெயரும் அதில் உண்டு. 'வழி'யும் உண்டு. வழி என்றால், இந்த நூல் எந்த நூலிலிருந்து வந்தது என்று சொல்வது.

கம்பர் இராமகாதையைத் தொடங்கும்போதே, வடமொழியில் இக்கதையைச் செய்தவர்களுள் முதல்வரான வால்மீகியைப் பின்பற்றியே சொல்கிறேன் என்கிறார். சேக்கிழாரும் அப்படித்தான். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையையும் நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியையும் அடியொற்றியே பெரிய புராணம் விரிந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. அதனால் கம்பரோ சேக்கிழாரோ சிறியவராகிவிட்டார்களா?

அது எழுத்து, நாங்கள் பேசுகிறோமே என்று கேட்பீர்கள். பேச்சுக்கும் நமக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1893 செப்டம்பர் 11ஆம் நாள் சிகாகோ சர்வசமயப் பேரவையில் சுவாமி விவேகானந்தர் பேசிய முதல் உரை. அது சில நிமிடங்களே நீண்ட சிறிய உரை. அதற்குள் இரண்டு மேற்கோள்கள். முதலாவதைச் சொல்வதற்கு முன், சின்ன வயதிலிருந்து தான் சொல்லி வரும் ஒரு துதி இது என்று சபைக்கு அறிவிக்கிறார். அது சிவமஹிம்ந ஸ்தோத்திரத்தில் வருவது. இரண்டாவதைச் சொல்லும்போது அது கீதையின் உபதேசம் என்கிறார். அடிக்குறிப்பு கிடையாது, இணைப்பு கிடையாது. வாயாலேயே ஒரு வரி, அவ்வளவுதான். வலையொலிக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

வாயால் மூலம் சொல்வது எப்படி?

கேட்பவருக்கு நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். யார் சொன்னது? எதில் அல்லது எங்கே சொன்னது? எப்போது? அவருக்கு அது எப்படித் தெரியும்?

நான்காவது கேள்வியைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம். தாத்தா தன் கண்ணால் பார்த்தது ஒன்று. அவருடைய அப்பா சொல்லித் தாத்தா கேட்டது இன்னொன்று. இரண்டுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

எங்கள் பிள்ளைகள் முதலில் இப்படிப் பேசியிருந்தார்கள்: "அந்தக் காலத்தில் கச்சாங் பூத்தே விற்பவர்கள் தட்டைத் தலையில் சுமந்து தெருத் தெருவாகப் போனார்கள்."

பிறகு இப்படி மாற்றினோம்: "கம்போங் கச்சாங் பூத்தேயில் இன்றும் கடை வைத்திருக்கும் ஐயா ஒருவரைப் போன மாதம் சந்தித்தோம். அவருடைய அப்பா தட்டைத் தலையில் சுமந்து விற்றதைச் சின்னப் பையனாக இருந்தபோது தானே பார்த்ததாகச் சொன்னார்." உண்மைப் பதிவில் 'ஐயா ஒருவர்' என்ற இடத்தில் அவர் பெயர் வருகிறது. இங்கே பத்திரிகையில் போட நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லை, அதனால் விட்டிருக்கிறேன்.

கூடுதலாகப் போனது சில விநாடிகள். ஆனால் கேட்பவர் இப்போது ஒரு மனிதரைப் பார்க்கிறார்.

காணொலி என்றால் மூன்று இடத்தில் மூலம் வர வேண்டும். பேச்சில் சுருக்கமாக. திரையின் கீழே எழுத்தாக, நிதானமாகப் படித்து முடிக்கும் அளவுக்கு. காணொலிக்குக் கீழே உள்ள விளக்கப் பகுதியில் முழுமையாக. வலையொலிக்குத் திரை இல்லை, அதனால் பேச்சிலும் விளக்கப் பகுதியிலும் கட்டாயம். எல்லாவற்றையும் கடைசியில் வேகமாக ஓடும் பட்டியலில் தள்ளிவிட்டு, "போட்டுட்டோமே அண்ணா" என்று சொல்ல வேண்டாம். எந்தச் செய்திக்கு எந்த மூலம் என்பது அந்தச் செய்தி வரும் இடத்திலேயே தெரிய வேண்டும்.

பெரியவர்களிடம் பேசப் போகும்போது

ஒரு சின்ன அட்டை வைத்துக்கொள்ளுங்கள். பேட்டி எடுத்த தேதி, இடம், பேசியவர் பெயர், ஊர் அல்லது தோட்டம், பதிவு செய்தவர் பெயர், கோப்பின் பெயர். அவ்வளவும் அன்றைக்கே எழுத வேண்டும். 'அப்புறம் எழுதிக்கலாம்' என்றால் எழுத மாட்டோம். என் அனுபவம் அது.

பதிவை அழுத்துவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "பாட்டி, இதை நாங்க எல்லாரும் கேக்கிற மாதிரி போடலாமா?" "உங்க பேரை எப்படிச் சொல்லட்டும்?" சிலர் முழுப் பேரும் சொல்லுங்க என்பார்கள். சிலர் பேர் வேண்டாம், தோட்டத்துப் பேரை மட்டும் போடு என்பார்கள். குடும்பச் சண்டை, கடன், வியாதி என்று பேச்சு வாக்கில் வந்ததை வெளியே விடாதே என்பார்கள். அவர்கள் சொல்கிறபடிதான். மூலம் சொல்வது என்பது ஒருவரைப் பொதுவெளியில் கொண்டுபோய் நிறுத்துவதும்கூட. அதற்கு அவர் சம்மதம் வேண்டும். வெளியிடுவதற்கு முன் ஒரு தடவை அவருக்கே போட்டுக் காட்டிவிடுங்கள்.

நினைவையும் ஆவணத்தையும் சேர்த்து வைத்தால் இரண்டும் பலப்படும். ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் நம் பேராக்கில் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். ஆண்டும் பெயரும் புத்தகத்தில் கிடைக்கும், அதற்குப் புத்தகத்தைச் சொல்லுங்கள். அந்தப் பத்து வெள்ளியைக் கொடுக்க வீட்டில் எந்தச் செலவை நிறுத்தினார்கள் என்பது உங்கள் பாட்டிக்குத்தான் தெரியும். அதற்குப் பாட்டியைச் சொல்லுங்கள். பாட்டி ஆண்டை மாற்றிச் சொன்னால் அவரைத் திருத்த வேண்டாம், வெட்டவும் வேண்டாம். "பாட்டி நினைவில் இப்படி, பதிவில் இப்படி" என்று இரண்டையும் வைத்துவிடுங்கள்.

பழைய நாளிதழ்கள் வேண்டுமென்றால் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் மலாயா கால ஆங்கில ஏடுகளும் தமிழ் முரசும் தேடிப் படிக்கலாம். நாளிதழிலிருந்து எடுத்தால் ஏட்டின் பெயர், தேதி, பக்கம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாமி பேரைச் சொன்னாலும் எண் வேண்டும்

நம் இளைஞர்கள் செய்யும் காணொலிகளில் சமய மேற்கோள் நிறைய வருகிறது. "கீதையில் கிருஷ்ணர் சொல்கிறார்" என்று தொடங்குவோம். எந்த அத்தியாயம், எந்தச் சுலோகம்? பகவத் கீதையில் 18 அத்தியாயங்கள், 700 சுலோகங்கள். 'கீதாசாரம்' என்று காலண்டரிலும் கடைச் சுவரிலும் தொங்குகிறதே, நடந்தது, நடப்பது, நடக்கப்போவது எல்லாம் நன்மைக்கே என்று ஆறுதல் சொல்லும் அந்த வரிகள். அவற்றை அந்த 700 சுலோகங்களுக்குள் தேடிப் பாருங்கள். அப்படி ஒரு சுலோகம் கிடைக்காது. பிற்காலத்தில் யாரோ உரைநடையில் எழுதியது அது. ஆறுதலாக இருந்தால் மாட்டி வையுங்கள். ஆனால் காணொலியில் 'கீதை வாக்கு' என்று சொல்லிவிடாதீர்கள். நம் சமயத்தைக் குறைசொல்ல நினைப்பவருக்கு நாமே வாய்ப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வழி சுலபம். கீதை என்றால் அத்தியாயமும் சுலோக எண்ணும். திருக்குறள் என்றால் குறள் எண். தேவாரம் என்றால் பாடியவர், திருமுறை, தலம். விவேகானந்தர் சொன்னதாக ஒரு படம் புலனத்தில் வந்தால், 'ஞானதீபம்' தொகுதிகளில் அது இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணோ தொகுதியோ கிடைக்கவில்லையென்றால் அந்த மேற்கோளைப் பயன்படுத்தாதீர்கள். யார் வாயிலிருந்து கேட்டாலும் அதன் மெய்யைக் காண்பதே அறிவு என்ற கருத்தை 423ஆம் குறளில் நாம் எல்லோரும் மனனம் செய்திருக்கிறோம். பரீட்சையோடு அதை விட்டுவிட வேண்டாம்.

நாவல், இணையம், செயற்கை நுண்ணறிவு

சயாம் மரண இரயில் பற்றிப் பிள்ளைகள் ஆர்வமாகக் காணொலி செய்கிறார்கள். 1942, 43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதையில் நம் தோட்டத் தமிழர்கள் எத்தனையோ பேர் மாண்டார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண இரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் கட்டாயம் படிக்க வேண்டியவை. ஆனால் அவை நாவல்கள். அதில் வரும் ஒரு பாத்திரத்தின் சாவை நடந்த சம்பவமாகச் சொல்லக்கூடாது. "இந்த நாவலில் எழுத்தாளர் இப்படிக் காட்டுகிறார்" என்று சொன்னால் நாவலுக்கும் மரியாதை, வரலாற்றுக்கும் மரியாதை.

'கூகுள்' ஒரு மூலம் அல்ல, தேடித் தரும் கருவி. விக்கிப்பீடியாவில் படித்தால் பக்கத்தின் அடியில் உள்ள குறிப்புக்குப் போய், அங்கே அந்தச் செய்தி உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு புத்தகத்தில் இன்னொரு புத்தகத்தின் மேற்கோளைப் பார்த்தால், நீங்கள் படித்த புத்தகத்தைச் சொல்லுங்கள். படிக்காததைப் படித்ததாகக் காட்ட வேண்டாம்.

சாட்ஜிபிடி போன்றவை கேட்டால் மூலமும் தரும், அழகாகத் தரும். இல்லாத புத்தகத்துக்கும் பக்க எண் போட்டுத் தரும். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அது உருவாக்கிய, நடக்கவே நடக்காத வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி மாட்டிக்கொண்டார்கள். நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். சட்டம் படித்தவர்களுக்கே அந்த நிலை. கருவியைப் பயன்படுத்துங்கள், ஆனால் அது காட்டும் ஒவ்வொரு மூலத்தையும் நீங்களே திறந்து பார்க்காமல் வாயில் எடுக்காதீர்கள்.

படமும் பாட்டும்

'கிரெடிட் டு ஓனர்' என்று ஒரு வரி போடுகிறோமே, அது யாருக்கும் கிரெடிட் கொடுப்பதில்லை. அந்த ஓனர் யார்? நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆய்வு, சொந்தப் படிப்பு, விமர்சனம் போன்றவற்றுக்காக நியாயமான அளவில் பிறர் படைப்பைப் பயன்படுத்த இடம் தருகிறது. அப்போதும் படைப்பின் பெயரையும் படைத்தவர் பெயரையும் குறிப்பிட வேண்டும் என்கிறது.

பெயரைச் சொல்வது வேறு, அனுமதி வாங்குவது வேறு என்பதையும் மறக்க வேண்டாம். சினிமாப் பாட்டை முழுசாகப் போட்டுவிட்டு இசையமைப்பாளர் பேரை எழுதினால் யூடியூப் விடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ள படம், இசையைத் தேடுங்கள். அதில் படைப்பின் பெயர், படைத்தவர், எடுத்த இடம், உரிமத்தின் வகை நான்கையும் எழுதுங்கள். இன்னும் நல்லது, உங்கள் ஊர் உருமி மேளக் குழுவிடம் கேட்டுப் பதிவு செய்து, அவர்கள் பேரைப் போடுங்கள்.

செய்து பாருங்கள்

அடுத்த கூட்டத்துக்குள் ஒரு வேலை. நீங்கள் ஏற்கெனவே வெளியிட்ட ஒரு காணொலியையோ வலையொலியையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு ஆண்டு, எண், மேற்கோள், படம், சம்பவத்தையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் 'யார் சொன்னது?' என்று கேளுங்கள். பதில் உள்ளதை விளக்கப் பகுதியில் சேருங்கள். பதில் இல்லாததை வெட்டுங்கள். தவறாகச் சொல்லியிருந்தால், திருத்தம் என்று வெளிப்படையாகப் போடுங்கள். யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடுவது திருத்தம் ஆகாது.

எங்கள் பிள்ளைகள் அதைத்தான் செய்தார்கள். அந்த ஆண்டை எடுத்துவிட்டார்கள். தொடக்கத்தில், முந்தைய பதிவில் செய்த இரண்டு தவறுகளையும் தங்கள் குரலிலேயே சொன்னார்கள். பெரியவர் பேரையும் அவர் அப்பா பேரையும், அவர் விரும்பியபடி, முதல் நிமிடத்திலேயே சொன்னார்கள். வெளியிடுவதற்கு முன் நாங்கள் எல்லோரும் அவர் கடைக்குப் போய்ப் போட்டுக் காட்டினோம்.

கண்ணை மூடிக் கேட்டார். அப்பா பேர் வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"அதை இன்னொரு தடவை போடு தம்பி."

போட்டோம். அப்புறம் எழுந்து உள்ளே போய் ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அடுத்த வாரம் வாங்க, இன்னும் கொஞ்சம் கதை இருக்கு" என்றார்.